கையில் போன் இருக்கும்போது ஊருக்கொரு சேவை மையம் எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 2, மாலை 6.10

"கடைக்கோடிக் கிராமத்திலும் ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. பணம் அனுப்புவது, விண்ணப்பம் போடுவது, பரீட்சை முடிவு பார்ப்பது எல்லாம் உள்ளங்கையில் நடக்கிறது. இதற்குப் பிறகும் கிராமத்தில் ஓர் அறை பிடித்து, கணினி வைத்து, 'சேவை மையம்' என்று பலகை மாட்டுகிறார்கள். பொதுத் தொலைபேசிக் கூண்டுக்கு வந்த கதிதான் இதற்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தப் பணத்தில் டவர் போடலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்."

ஜூன் 2, இரவு 9.40

காரணத்தோடு வந்திருக்கிறேன். ஆறு வருடம் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். மலை ஊர். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். மழை பெய்தால் ஒரு முறை. பலத்த மழை என்றால் பஸ் எந்த வளைவில் நிற்கிறது என்ற செய்தி மட்டும் வரும்.

ஓய்வூதியம் வாங்குபவர் வருடத்துக்கு ஒரு தடவை தாம் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். எங்கள் மையத்தில் அதற்குக் கைரேகை வைக்க வேண்டும். ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருடம் கல் உடைத்த கை. கட்டை விரலைக் கருவியின் கண்ணாடி மேல் வைத்தார். பொருந்தவில்லை என்றது. மறுபடி வைத்தார். பொருந்தவில்லை. ரேகை என்பது தோலின் மேடுபள்ளம்தானே? கல்லும் கருங்கல் தூளும் தேய்த்தது போதாதென்று வயதும் சேர்ந்தால் தோல் உலர்ந்து, மேடெல்லாம் மழுங்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். ஈரத் துணியில் ஒற்றி எடுக்கச் சொன்னேன். காய்ந்த விரலைவிட இலேசாக ஈரமுள்ள விரலை அந்தக் கண்ணாடிக்குப் பிடிக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பிடிக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல், வலது கை முழுவதும் முடிந்து இடது கைக்கு வந்தோம். பதினோராவது முயற்சியில் இடது மோதிர விரல் பொருந்தியது.

பெரியவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் இவ்வளவு நேரமும் நான் செத்தா கிடந்தேன்?" என்று கேட்டார்.

அன்று நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இடது மோதிர விரல்' என்று எழுதி வைத்தேன். வருடம் முடிவதற்குள் அந்தப் பட்டியல் நான்கு பக்கம் ஓடியது. உங்கள் டவர் இந்தப் பட்டியலை எழுதித் தருமா?

ஜூன் 2, இரவு 10.15

யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரேகைக் கருவியைப் போனிலும் செருகலாம். செருகுவது பெரிய வித்தை இல்லை, பதினோரு முறை பொறுமையாக இருப்பதுதான் வித்தை என்று எழுத வந்தேன். ஆனால் நான்காவது தடவையே நான் எரிந்து விழுந்துவிட்டேன். மேலே அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். பொறுமையாக இருந்தது பெரியவர்.

ஜூன் 4, காலை 7.05

"விண்ணப்பம் போடுவதற்காக வந்தவை இந்த மையங்கள், விண்ணப்பம் போனுக்குப் போய்விட்டது, ஆகவே மையமும் போகட்டும்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். தொடக்கமே தப்பு. விண்ணப்பத்துக்காக இவை பிறக்கவே இல்லை.

உலகின் முதல் மையம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1985-இல் ஸ்வீடனில் வெம்டாலென் என்ற மலைக் கிராமத்தில் திறந்தது. கணினியும் தொலைத்தொடர்புக் கருவிகளும் வைத்த ஒரு வீடு, அவ்வளவுதான். வேலை தேடி இளைஞர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வேலையைக் கம்பி வழியே ஊருக்கு இழுத்து வர முடியுமா என்று பார்த்தார்கள். அந்த யோசனை அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் பரவி, 1994-இல் ஹங்கேரியில் சாக்பெரேன்ய் என்ற கிராமத்து நூலகத்துக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொலைமையம் என்ற பெயரில் தொடங்கியவை இன்று சமூக வள மையங்கள் என்ற பெயரில் நடக்கின்றன. ஊர்ச் செய்தித்தாள் அச்சடிப்பது, நூலகத்தைப் பார்த்துக்கொள்வது, அரசு அலுவலகத்தின் முகவராக இருப்பது, வெளியூர்க் கல்லூரிக்காக உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறவரை மேற்பார்வை பார்ப்பது, கூட்டத்துக்கு அறை தருவது. அந்த நாட்டில் யாரிடமும் போன் இல்லையா?

(சாக்பெரேன்ய் என்பதைச் சரியாக உச்சரித்துக் காட்டுபவருக்கு என் பழைய ரேகைக் கருவியைப் பரிசாகத் தருகிறேன்.)

ஜூன் 5, பிற்பகல் 2.30

மின்சாரம் பற்றி ஒருவர் கேட்டதால் இது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

மையம் என்றால் எல்லாரும் கணினியைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஆறு வருடமும் பிரிண்டர்தான் நினைவு. முதலில் லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல பிரிண்டர்தான், நகரத்துக்கு. லேசர் பிரிண்டர் மைப்பொடியைத் தாளில் தூவி, சூடான உருளையால் அழுத்தி ஒட்டவைக்கிறது. அந்த உருளை சூடேறும் சில நொடிகளில் ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். மடிக்கணினி ஐம்பது அறுபது வாட்டில் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் இந்த ராட்சசன். சூரியத் தகடு, ஒரு பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர். இதில்தான் மையமே ஓட வேண்டும்.

முதல் நாள் ஒரு பெண் உதவித்தொகை விண்ணப்பத்தை முழுதாக நிரப்பி முடித்தார். நாற்பது நிமிட வேலை. "சேமிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துப் பார்த்துக்கொள்வோம்" என்று பெரிய அனுபவசாலி போலச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மங்கியது, இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்தியது, எல்லாம் அணைந்தது. தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை.

லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ மாட்டக் கூடாது என்பது அதன் கையேட்டிலேயே இருந்தது. கையேட்டை யார் படித்தார்கள்?

பிறகு மை தெளிக்கும் பிரிண்டருக்கு மாறினேன். அச்சிடும்போதுகூட இருபது வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். ஆனால் அதற்கு வேறொரு நோய். மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆள் வராவிட்டால் மை ஊசித்துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதை. ஆகவே ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒரு தாள் வண்ணத்தில் அச்சடிப்பேன். பெரும்பாலும் ஒரு மயில் படம். ஊரில் பாதி வீட்டுச் சுவரில் மயில் ஒட்டியிருந்ததன் ரகசியம் இதுதான்.

பேட்டரியைப் பற்றி ஒன்றே ஒன்று. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் காகிதக் கணக்கில் 1,800 வாட் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் மளமளவென்று குறையும். எனவே உங்கள் கையில் உள்ளது 900. இரண்டு நாள் மேகமூட்டம் வந்தால் அதுவும் இல்லை. மையத்தைத் திட்டமிடுபவர்கள் 1,800 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜூன் 5, மாலை 4.00

மயில் படம் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை.

ஜூன் 8, இரவு 11.20

இரண்டு நாளாக யோசித்தேன். கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைவிட அதை நன்றாகச் சொல்ல வாரணா இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் வாரணா சர்க்கரைக் கூட்டுறவு. 1998 வாக்கில் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் கணினி வைத்தார்கள். சந்தை விலை, வேளாண் ஆலோசனை, கல்வி, இணையம் எல்லாம் வரும் என்றார்கள். சில வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு வேலை. என் கரும்பு எவ்வளவு எடை நின்றது, உரத்தில் எவ்வளவு வாங்கினேன் என்று விவசாயி ஆலையோடு கணக்குப் பார்ப்பது. இதற்கு எதற்கு ஒரு கணினி என்று சில கிராமங்களில் அதைக் குறுஞ்செய்திக்கு மாற்றினார்கள். எண்ணை அனுப்பினால் கணக்கு திரும்பி வரும். விவசாயிகள் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார்கள். கணினி பழுதானால் காத்திருக்க வேண்டியதில்லை, நள்ளிரவிலும் கேட்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்து ஞான்தூத் திட்டம் இன்னொன்று. 2000-இல் தொடங்கிய அதே வருடம் ஸ்டாக்ஹோமில் சர்வதேசப் பரிசு. நில ஆவண நகல், சந்தை விலை, புகார் மனு எல்லாம் கிராமத்துக் கணினியில். பிறகு போய்ப் பார்த்தவர்கள் மின்வெட்டையும் இணைப்புக் கோளாறையும் ஆளில்லாத நாற்காலிகளையும் பற்றி எழுதினார்கள். பரிசு கொடுத்தவர்கள் தொடக்கத்தைப் பார்த்தார்கள், ஆய்வாளர்கள் நடுவைப் பார்த்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் புகார் மனுவைக் கணினி அனுப்பிவிடும்; மறுமுனையில் அதைத் திறந்து பார்க்க ஆள் வேண்டுமே. மறுமுனை உறங்கினால் இந்த முனையில் எவ்வளவு வேகமான கணினி இருந்து என்ன?

ஆகவே என் நிலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். கேள்வி தெளிவாக, பதில் ஒரு எண்ணாக இருந்தால் போன் போதும். மையம் வேண்டாம். என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் கேள்வியே தெளிவாக இருக்காது. "ஏதோ கடிதம் வந்திருக்கிறது, என்னவென்று பார்" என்று நீட்டுவார்கள். அதற்கு என்ன எண்ணை அனுப்புவது?

ஜூன் 10, காலை 6.30

எழுத வேண்டாம் என்று நினைத்திருந்ததை எழுதுகிறேன்.

அந்த நோட்டில் விரல் பட்டியல் மட்டும் இருக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் கடவுச்சொற்கள். எண்பது குடும்பத்துக்கு மேல். நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களே சொன்னார்கள், "நீயே எழுதி வைத்துக்கொள், எனக்கு மறந்துபோகும்." சிலருக்கு நானே வைத்துக் கொடுத்தேன். அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி: ஊரின் பெயர், பிறந்த வருடம். சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள்.

அடுத்தது ஓடிபி. ஒரு பாட்டியின் கணக்கில் பதிந்திருந்தது அவருடைய மகனின் எண். மகனுக்குத் தொலைதூர நகரத்தில் இரவுநேர வேலை, பகலில் தூக்கம். பாட்டி மையத்தில், ஓடிபி நகரத்தில், அதற்கு உயிர் பத்து நிமிடம். போன் அடித்தால் எடுக்க மாட்டார். மூன்று நாள் நடந்தார் பாட்டி. நான்காம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். மகனின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் பதிந்தேன். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பாட்டி என் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார். அதைப் பார்த்து அடுத்தவர் கேட்டார், அதற்கடுத்தவர் கேட்டார். ஒரு கட்டத்தில் ஊரில் பதினேழு பேரின் ஓடிபி என் சட்டைப் பையில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

நான் ஒரு காசு எடுக்கவில்லை. ஆனால் எடுத்திருக்க முடியும். யாருக்கும் தெரிந்திருக்காது. யாருக்கு எவ்வளவு பணம் வருகிறது, எந்த மகன் அனுப்புவதை நிறுத்திவிட்டான், எந்த மருமகள் தனிக் கணக்கு தொடங்கினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் என்னைக் கண்டால் சிலர் தெருவின் மறுபக்கம் போனார்கள். அது மரியாதை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, காலை 9.50

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "இதற்குத்தான் மூடச் சொன்னேன்" என்கிறார் கேள்வி கேட்டவர். பொறுங்கள். மையத்தை மூடினால் அந்தப் பாட்டி யாரிடம் போவார்? பக்கத்து வீட்டுப் பையனிடம். அவனிடம் நோட்டும் இருக்காது, கேள்வி கேட்கப் பெயர்ப்பலகையும் இருக்காது.

பின்னாளில் நான் செய்தது ஒன்று, செலவில்லாதது. கணினித் திரையை எனக்கும் வந்தவருக்கும் நடுவில் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். நான் தட்டுவதை அவர்கள் பார்க்கட்டும் என்று. படிக்கத் தெரியாதவர்கள்கூட எண்களைப் பார்த்தார்கள். ஒரு விவசாயி, "அது ஏழு இல்லை, ஒன்று" என்றார். அதுவரை எத்தனை ஏழுகளை ஒன்றாகவும் ஒன்றுகளை ஏழாகவும் தட்டி அனுப்பினேனோ. கழுத்து வலிதான் மிச்சம். ஆனால் நோட்டின் பின்பக்கம் அதற்குப் பிறகு வளரவில்லை. கடவுச்சொல்லை அவர்களே தட்டுவார்கள், ஒற்றை விரலால், அரை மணி நேரம். நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

ஜூன் 12, இரவு 8.15

செயற்கைக்கோள் இணையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவருக்கு: பாதி உண்மை. எங்கள் மையத்தில் பழைய வகைத் தட்டு இருந்தது. அந்தச் செயற்கைக்கோள் நிற்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நீங்கள் கேட்பது மேலே போய்க் கீழே இறங்க 72,000; பதில் வர இன்னொரு 72,000. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அரை நொடி போய்விடும். அரை நொடிதானே என்பீர்கள். ஓர் இணையப் பக்கம் திறக்க உங்கள் கணினி அப்படிப் பத்துப் பதினைந்து முறை போய்வர வேண்டியிருக்கும். நடுவில் மழை வேறு. இப்போது தாழ்வாக, 550 கிலோமீட்டர் அளவில் சுற்றுபவை வந்திருக்கின்றன. அவற்றில் இந்தத் தாமதம் பெரும்பாலும் இல்லை. ஆனால் என் பெரியவரின் கட்டை விரல் எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் தட்டையாகத்தான் இருக்கும்.

இணைப்பே இல்லாத இடத்துக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு டாக்நெட். 2000-களின் தொடக்கத்தில் வந்தது. பஸ்ஸின் மேல் ஒரு வைஃபை பெட்டி. பஸ் கிராமத்தில் நிற்கும் நேரத்துக்குள் அங்குள்ள கணினியிலிருந்து கடிதங்களை வாங்கிக்கொள்ளும், ஊருக்கு வந்தவற்றைக் கொடுத்துவிடும். நகரத்துக்குப் போனதும் இணையத்தில் சேர்த்துவிடும். கர்நாடகத்தில் செய்து பார்த்தார்கள். கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போயிற்று. தபால்காரர் நடந்து செய்த வேலைதான். இதில் அவர் இறங்கிக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

ஜூன் 13, காலை 8.00

எங்கள் ஊருக்கு அந்தப் பஸ் பொருந்துமா என்று ஒருவர் கேட்கிறார். பலத்த மழை பற்றி முதல் குறிப்பில் எழுதியதைப் பார்க்கவும்.

ஜூன் 17, இரவு 10.40

"ஆக, சாதனையே இல்லாத கதையா?" என்று ஒருவர் கேட்டதற்காக, புதுச்சேரியின் மீனவக் கிராமமான நல்லவாட்டின் கதை.

புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அறிவு மையங்களைத் தொடங்கியது. அவர்கள் வைத்த நிபந்தனை எனக்குப் பிடிக்கும்: இடத்தை ஊர்தான் தர வேண்டும், அதில் தலித்துகள் உள்பட எல்லாரும் நுழைய முடிய வேண்டும். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு அலை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கவனியுங்கள், கணினி முன்னால் ஒருவர்தான் உட்கார்ந்தார். கேட்டது கரை முழுவதும். இலங்கையில் கொத்மலை சமூக வானொலியும் 1999-இல் இதைத்தான் செய்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி அவர்கள் மொழியில் சொல்வார்கள். ஆளுக்கொரு கருவி என்ற எண்ணமே இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு போன் செய்தார். கடல் ஏற்கெனவே நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அங்கிருந்த அறிவு மையத்துக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தது போன். கேள்வி கேட்டவருக்கு அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த ஒரு வீட்டிலிருந்து ஊருக்கெல்லாம் அதைக் கொண்டுபோனது, தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி. அது அங்கே இருக்கிறது, வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் கதையில் கண்ணை விட்டு அகலாதது பூட்டு.

ஜூன் 18, காலை 5.45

பூட்டு என்று எழுதியதால் இரவு தூக்கம் வரவில்லை.

மூன்றாவது வருடம் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. சாவி என் வீட்டு ஆணியில். உதவித்தொகைக்கு அந்த வாரம் கடைசி நாள் என்பது எனக்குத் தெரியும், காய்ச்சலில் மறந்துபோனேன். ஒரு மாணவி இரண்டு நாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் கீழே இறங்கி நகரத்துக்குப் போனாள். அங்கே புகைப்படம் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். படத்தைச் சுருக்குவது ஒரு நிமிட வேலை. அதைச் செய்து தர அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. தேதி முடிந்துவிட்டது.

அவளிடம் போன் இருந்தது. நல்ல போன். இந்தக் குறிப்பை எழுத அதுவே காரணம். உங்கள் வாதத்துக்கு எதிராக இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். தயங்கியதற்குக் காரணம், இது என் வாதத்துக்கும் எதிரானது. ஒரே ஆளை நம்பி, ஒரே சாவியில் தொங்குவதற்குப் பெயர் மையமா?

அவளுடைய அம்மா அதற்குப் பிறகு என்னிடம் எந்த வேலைக்கும் வரவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் இரண்டாவது சாவி ஒன்று செய்து, எதிர்வீட்டில் இருந்த இளம்பெண் ஒருவரிடம் கொடுத்தேன். திருமணமாகி அந்த ஊருக்கு வந்தவர், பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். முதல் வாரத்தில் அவர் செய்த வேலை, பிரிண்டரின் அடியிலிருந்து எலிக்கூட்டை எடுத்து வெளியே போட்டது. மயில் படங்கள் ஏன் பச்சையாக வருகின்றன என்று நான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கம்பியை எலி கடித்திருந்தது.

ஜூன் 21, மாலை 5.20

வருமானம் எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அரசுச் சேவைக்குக் கிடைத்த கட்டணப் பங்கில் மையம் ஓடவில்லை. ஓட்டியது ஜெராக்ஸும் லேமினேஷனும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும். நேரம் முழுவதையும் தின்றது காசு வராத வேலை: கடிதத்தைப் படித்துச் சொல்வது, "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் ஏன் என்று கண்டுபிடிப்பது. முடித்த விண்ணப்பத்துக்குத்தான் பங்கு வரும். நிராகரித்ததைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இருந்ததில்லை. அதனால் பல மையங்களில் நடத்துபவர் சுலபமான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சிக்கலானதை "நாளைக்கு வாருங்கள்" என்கிறார். நானும் சொல்லியிருக்கிறேன்.

உகாண்டாவில் நகசேகே என்ற இடத்தில் 1999 வாக்கில் ஒரு மையம் தொடங்கினார்கள். அங்கே பெண்கள் சம்பாதிக்க வழி சொல்லும் ஒரு குறுந்தகடு, படமும் அவர்கள் மொழியில் குரலுமாகச் செய்தார்கள். மூதாட்டி ஒருவர் சுட்டியைப் பிடித்துப் பழகி, பிறகு ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த மூதாட்டிக்கு எந்தத் தலைப்பில் பங்கு கொடுப்பீர்கள்?

ஜூன் 21, மாலை 5.50

சுருக்கமாக என்று தொடங்கியிருக்கிறேன். மன்னிக்கவும்.

ஜூன் 29, இரவு 9.10

கேள்வி கேட்டவர், "கடைசியில் உங்களுக்கு வேண்டியது ஆள்தானே, அறை இல்லையே?" என்று எழுதியிருந்தார். இதற்கு உடனே பதில் எழுதாமல் போன வாரம் அந்த ஊருக்கே போய்வந்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு.

அறை பூட்டியிருக்கிறது. பலகை மழையில் வெளுத்து, 'சேவை' என்பதில் 'சே' மட்டும் நிற்கிறது. (நீங்கள் சிரிப்பது கேட்கிறது.) சூரியத் தகட்டை யாரோ கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள்.

எதிர்வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். உள்ளே அந்தப் பெண், கையில் ஒரு போன், போனில் செருகிய ரேகைக் கருவி. ஊருக்கு டவர் வந்துவிட்டதாம். ஆகவே நீங்கள் சொன்னதும் நடந்திருக்கிறது, நான் சொன்னதும் நடந்திருக்கிறது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெரிய படிவம் என்றால் இன்னும் மடிக்கணினிதான் என்றார். பிரிண்டரும் இருக்கிறது. மயில் உண்டா என்று கேட்டேன். மாதத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு.

அறையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். வாடகை இல்லை, ஊர்ப் பொது இடம்தான். "அங்கே என்றால் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருவார்கள். இங்கே இரவு பத்து மணிக்கும் தட்டுகிறார்கள்" என்றார். நல்லதா கெட்டதா என்று அவர் குரலிலிருந்து தெரியவில்லை. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்துத் தாள்களை நானே கிழித்துவிட்டுத்தான் வந்தேன். தைத்த இடத்தில் அந்தப் பிசிறு இன்னும் இருக்கிறது. விரல் பட்டியல் என் கையெழுத்தில் நான்கு பக்கம், பிறகு அவர் கையெழுத்தில் ஒன்பது பக்கம். சில வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. கல் உடைத்த பெரியவரின் வரியும் அடிக்கப்பட்டிருந்தது. அதே வரியின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்த்து, அவர் மனைவியின் பெயரும் 'வலது சுண்டு விரல், காலையில் மட்டும்' என்றும் எழுதியிருந்தது.